கம்ப்யூட்டருக்குள்ள அய்யனாருக்கு எந்த எடம்

அப்ப நீங்களும் அதைத்தான் கேக்க வந்தீகளா மதினி. கறிவேப்பிலை வாங்க வந்த ஆளு, அதை மடில வாங்கிப் போட்டுட்டும் போகாம வாசல்லயே நின்னு உள்ள எட்டி எட்டிப் பாக்கும்போதே நெனச்சேன். எம் பேத்திய வேலைய விட்டு அனுப்பிட்டாகன்னு தெருவே பேசுது, அம்புட்டுத்தான. பால்காரரு கேட்டாரு. கோடி வீட்டுக்காரி நேத்து மாவரைக்க வந்தவ, மாவ விட்டுட்டு இதைத்தான் அரைச்சுட்டுப் போனா. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இப்படி பேன் காத்து வர்ற பக்கமா வாங்க. மெதுவாப் பேசுங்க, உள்ள படுத்திருக்கா. தூங்குறாளா, தூங்குற மாதிரி கெடக்காளான்னு எனக்கே தெரியல. போனத் தலமாட்டுல வச்சுக்கிட்டுக் கெடக்கா.

அனுப்பல. அதை மொதல்ல காதுல வாங்கிக்கோங்க. "சாமிகிட்ட இருந்து பதில் வர்ற வரைக்கும் வீட்டுல இரு"ன்னுதான் அவ மொதலாளி சொல்லியிருக்காரு. இன்னைக்கு வெள்ளிக்கெளம இல்லையா, கண்மாய்க்கரை அய்யனார் கோயில்ல வெள்ளப் பூவும் செவப்புப் பூவும் பொட்டலங் கட்டிப் போட்டு, எது கைக்கு வருதுன்னு பூக்கட்டிப் பாக்கப் போயிருக்காக. வெள்ளப் பூ வந்தா இவ திங்கக்கெளம எப்பவும் போல வேலைக்குப் போவா. செவப்பு வந்தா என்னங்கிறத அப்புறம் சொல்றேன். இப்பவே சொன்னா எனக்கு வாய் கசக்கும்.

இவ என்ன வேலை பாக்கான்னு கேட்டா, ரொம்ப நாளா நான் "கம்ப்யூட்டர்ல"ன்னு மட்டும்தான் சொல்லுவேன். கம்ப்யூட்டர்ல என்னன்னு திருப்பிக் கேட்டா முழிப்பேன். எழுத்துன்னா எனக்கு எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. ஆனா லேபிள் தெரியும் மதினி. பட்டாசுக்குக் காகிதக் கொளாய் சுத்துன கை இது, பெட்டி ஒட்டுன கை. மயில் போட்டிருந்தா இன்ன கம்பெனி, கிளி போட்டிருந்தா இன்ன கம்பெனின்னு படத்த வச்சே சொல்லிருவேன். எங்க வீட்டுக்காரரு, அவுக இருக்கும்போது, "படிச்சவன் படிச்சுச் சொல்றதுக்குள்ள நீ பாத்துச் சொல்லிருவ"ம்பாக. அவுக அப்படி எதையாச்சும் நல்லதாச் சொல்றதே வருசத்துக்கு ஒருக்காத்தான். அதனால நெனப்பு இருக்கு.

திருத்தங்கல்ல இவ போற பிரஸ்சு அந்த லேபிள் அடிக்கிற எடம். சின்னச் சின்னப் பட்டாசுக் கம்பெனிக்காரக நெறைய பேரு அங்கனதான் ஆர்டர் குடுப்பாக. ஒரு லேபிள்ல படம், ஓரத்துக் கரை, கம்பெனி மார்க்கு எல்லாம் அப்படியேதான் இருக்கும். மாறுறது எதுன்னா, பெட்டிக்குள்ள எம்புட்டு இருக்கு, என்ன வெல, எந்த மாசம் செஞ்சதுங்கிறது. அதனால மாறாததை எல்லாம் ஒரு அச்சா வச்சுக்கிட்டு, மாறுற எடத்த மட்டும் காலியா விட்டுருவாகளாம். அதுக்குப் பேரு டெம்ப்ளேட்டு. நம்ம முறுக்கு அச்சு இருக்குல்ல, அச்சு ஒண்ணுதான், மாவுதான மாறுது. நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். அவகிட்ட சொன்னேன். "கிட்டத்தட்ட சரிதான் அம்மாச்சி"ன்னா. அந்தக் கிட்டத்தட்டங்கிறதுல என்ன கொறைன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

கம்பெனிப் பேரையும் சரக்குப் பேரையும் அடிச்சா, கம்ப்யூட்டரே போயி அந்த அச்சத் தேடி எடுத்து, காலி எடத்த ரொப்பி, மிஷினுக்கு அனுப்பணும். அதுக்கு ஒரு ப்ரோக்ராம் வேணும். முன்ன வெளியூர்க்காரக செஞ்சு குடுத்தது ஒண்ணு இருந்துச்சு. கடுகளவு மாத்தம் வேணும்னாலும் அவுகளுக்குப் போன் போட்டுட்டுக் காத்துக் கெடக்கணும். இவதான் வாய் சும்மா இருக்காம, "அண்ணாச்சி, நானே எழுதித் தாரேன்"னு போயி நின்னா. சித்திரை வெயில்ல, நம்ம எல்லாம் ஈரத்துணிய மேல போட்டுக்கிட்டுக் கெடந்தோமே, அப்ப இவ அந்த பிரஸ்சு மாடில தகரத்துக்குக் கீள உக்காந்து எழுதுனா. மொதலாளியும் ஒத்துக்கிட்டாரு. ஆனா ஒரு பேச்சுப் பேசிட்டாரு. "இந்த சீசன் பாப்போம்மா. சரியா ஓடுச்சுன்னா அந்தக் கம்ப்யூட்டர் சேர் நெரந்தரமா ஒனக்கு. கொளறுபடி ஆச்சுன்னா நான் பழய ஆளுககிட்டயே போயிருவேன், கோவிச்சுக்கக் கூடாது."

அந்தச் சேரு வெறும் சேரு இல்ல மதினி. உங்களுக்குத் தெரியாதா, எம் மக தெனம் விடிய வேன் ஏறி தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்குத் திரி வைக்கப் போறா. சாயந்தரம் வந்து எறங்கும்போது முழங்கை வரைக்கும் மருந்துப் பொடி ஒட்டி வெள்ளி பூசுன மாதிரி மினுக்கும். சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி எத்தனை தடவ சோப்புப் போட்டாலும் நகக்கண்ணுல நிக்கும். அவ வேன் தெரு முக்குல திரும்புற சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. எங்கயாச்சும் தூரத்துல இடி இடிச்சாக்கூட எந்திரிச்சு நின்னு திக்குப் பாப்பேன். இவ அந்த ப்ரோக்ராம் வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு அவ ஆத்தாகிட்ட சொன்னா, "அம்மா, தீபாவளியோட நீ நின்னுக்கோ. சேர் எனக்கு நெலச்சிருச்சுன்னா நீ போகவே வேணாம்"னு. எம் மக அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு அப்பளம் பொரிச்சா. சும்மா, ஒரு காரணமும் இல்லாம. அவளுக்கு சந்தோசத்தச் சொல்லத் தெரியாது, பொரிக்கத்தான் தெரியும்.

சரி, கொளறுபடிக்கு வாரேன். கறிவேப்பிலை வாடினா வேற ஒடிச்சுத் தாரேன், உக்காருங்க.

கம்ப்யூட்டருக்குள்ள போல்டர் போல்டரா இருக்குமாம். நம்ம அலமாரித் தட்டுன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு கம்பெனிக்காரனுக்கும் ஒரு தட்டு. அவனுக்குன்னு உள்ள அச்செல்லாம் அதுல. அப்புறம் பொதுத் தட்டு ஒண்ணு, யாருக்கு வேணும்னாலும் ஆகும். "பூச்சட்டி"ன்னு கேட்டா, ப்ரோக்ராமு மொதல்ல அந்தக் கம்பெனிக்காரன் தட்டுல தேடும். அங்கன இருந்தா எடுத்துக்கிட்டு வந்துரும். இல்லைன்னா பொதுத் தட்டுக்குப் போகும். அங்கனயும் இல்லைன்னா, இல்லைன்னு செவப்பு எழுத்துல சொல்லிட்டு நின்னுரும். எந்தத் தட்டு மொதல்ல, எது ரெண்டாவதுங்கிற வரிசைய இவதான் எழுதி வைக்கணும். இதுல முக்கியமானது என்னன்னா மதினி, கெடச்ச எடத்துலயே அது நின்னுரும். அடுத்த தட்டுல இதைவிட நல்லது இருக்குமோ, இதுதான் கேட்டதான்னு எல்லாம் பாக்காது. பேரு ஒத்துப்போனா சரி, தேடுறத விட்டுரும்.

நம்ம மட்டும் என்ன. எனக்கு முறம் வேணும்னா அடுக்களை, இல்லைன்னா கொல்லை, அங்கனயும் இல்லைன்னா உங்க வீடு. உங்க வீட்டுல கெடச்சதுக்கு அப்புறம் நான் எதுக்கு கோடி வீட்டுக்குப் போறேன்.

ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தான் வெனை வந்துச்சு. அன்னைக்கு பிரஸ்சுல பெரிய பூசை. புது சீசனுக்கு அடிச்ச மொதத் தாளுக்கு மஞ்சக் குங்குமம் தடவி சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டுத்தான் மத்த தாள மிஷினு அடிக்கும். அவரு அப்பா காலத்துல இருந்து அப்படி. நானும் போயிருந்தேன், சர்க்கரைப் பொங்கல் குடுத்தாக, நெய் கொஞ்சம் கொறச்சல். பூசை முடிஞ்சதும் மொதலாளி கையில சூடத்தட்டோட இவ மேசைகிட்ட வந்தாரு. கம்ப்யூட்டருக்கும் பொட்டு வச்சாரு. வச்சுட்டுக் கேட்டாரு, "ஏம்மா, இதுக்குள்ள சாமி எங்கன இருக்காரு?"

இவ சிரிச்சிருக்கா. "இதுக்குள்ள போல்டர்தான் இருக்கு அண்ணாச்சி."

"அப்ப சாமிக்கு ஒரு போல்டர் போடு. எல்லாத்துக்கும் மொதல்ல போடு. பிரஸ்சுக்குள்ள நொழையிற ஆளு செருப்பக் கழட்டிட்டு, சாமியப் பாத்துட்டுத்தான மிஷினுகிட்ட போறான். இதுக்கு மட்டும் என்ன தனி நாயம்? தேடப் போறதுக்கு முன்னாடி சாமிகிட்ட போயிட்டுப் போகட்டும்."

நல்ல நாளும் அதுவுமா எதுக்கு மறுத்துப் பேசணும்னு இவளும் போட்டா. "சாமி"ன்னு ஒரு போல்டரு, தேடுற வரிசைல எல்லாத்துக்கும் மேல. உள்ள அய்யனார் படம் ஒண்ணு மட்டும். ப்ரோக்ராமு மொதல்ல அங்கன போகும், கேட்ட அச்சு இருக்காது, கும்பிட்ட மாதிரி ஆச்சுன்னு அடுத்த தட்டுக்குப் போயிரும். ஒரு கெடுதலும் இல்ல. எங்கிட்ட வந்து சொன்னா, நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாளு எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுச்சு. ஆவணி பெறந்துச்சு, தப்பும் பெறந்துச்சு.

தாயில்பட்டிக்காரரு ஒருத்தரு, எம் மக வேலை பாக்குற கம்பெனி இல்ல, வேற, பூச்சட்டி லேபிள் ஆர்டர் குடுத்திருந்தாரு. வந்த லேபிளப் பாத்துட்டு வண்டியத் திருப்பிக்கிட்டு நேரா பிரஸ்சுக்கே வந்துட்டாரு. பச்சைப் பட்டாசு முத்திரை இல்ல. போன்ல காட்டுனா படிக்குதே, அந்தக் கட்டம் கட்டமா உள்ள கோடும் இல்ல. படமும் அவரு படம் இல்ல. ஒரு பொம்பள பூச்சட்டி வைக்கிற மாதிரி, அந்தக் காலத்துப் படம், கொண்டையும் மூக்குத்தியுமா. "எங்க அம்மா கல்யாணத்துக்கு அடிச்ச லேபிளா அண்ணாச்சி இது?"ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு. சிரிக்கத்தான் செய்யணும். ஆனா அந்த முத்திரை இல்லாம பெட்டி ஏறுச்சுன்னா லோடு வழியிலயே நின்னுரும். அவருக்கு சீசனே போயிரும்.

இவ பதறிப்போயி அவரு தட்டத் தொறந்து பாத்தா, அச்சு சரியாத்தான் இருக்கு. முத்திரை இருக்கு, கட்டக் கோடு இருக்கு. சரி, என்னமோ ஆகிப்போச்சுன்னு இன்னொருக்கா சரிபண்ணி அடிச்சா, அதே கொண்டைக்காரி வாரா. எதைத் திருத்துனாலும் மாறல மதினி. எல்லாமே தப்பா வந்தாலாச்சும் புரியும். புதுசா வந்த வாணவெடி லேபிளெல்லாம் சரியா வருது. பூச்சட்டி, சங்குசக்கரம், சாட்டை, இதுக மட்டும் பழசா வருது. இன்ன கம்பெனிக்குன்னும் இல்ல, எல்லாக் கம்பெனிக்கும்.

அந்த நாள்ல இவ மொகத்தப் பாக்கணுமே. வருவா, செருப்பக் கழட்டாம அடுக்களை வரைக்கும் வந்துருவா. சோத்தப் போட்டா பெசஞ்சுக்கிட்டே இருப்பா. "சாப்பிடுத்தா"ன்னா, "சாப்புட்டுக்கிட்டுத்தான இருக்கேன்"ம்பா, ஒரு வாய் போயிருக்காது. எம் மக அலுத்து வந்து ஒரு பக்கம் சுவத்துல சாஞ்சு கெடப்பா, இவ ஒரு பக்கம். நடுவுல நான் பேசிக்கிட்டு இருப்பேன். யாரும் கேக்க மாட்டாக. நான் பேச்ச நிறுத்துனா மட்டும் ரெண்டு பேரும் திரும்பிப் பாப்பாக. அப்படி ஒரு வீடா ஆகிப்போச்சு.

அந்த அலுப்புலதான் ஒரு நாளு எனக்கு முட்டி வலின்னு இவள கொளம்பு வைக்கச் சொன்னேன். வச்சா. வாயில வச்சா கசப்பு, அதுல ஒரு வாசம் வேற. பாத்தா, அடுக்களைக்குள்ள நொழையிற எடத்துல சாமி அலமாரி இருக்குல்ல, அதுல பூசிக் குளிக்கிற கஸ்தூரி மஞ்சப் பொடி டப்பால கெடக்கும். உள்ள போயி சமையல் மஞ்சத்தூள எடுக்காம, வழியில அது கண்ணுல பட்டுச்சுன்னு அதை அள்ளிப் போட்டுட்டா. எம் மக ஒரு வாய் சாப்பிட்டா. "நல்லா வாசமா இருக்கு. மொகத்துக்குப் போட்டுக்கிட்டா பளிச்சுன்னு ஆயிருவேன்"னா. மூணு பேரும் அன்னைக்குத்தான் சிரிச்சோம். சிரிச்சுட்டு மோர் ஊத்திச் சாப்பிட்டோம்.

அப்புறம் இவ ஒரு வேலை பண்ணிருக்கா. திருத்தித் திருத்திப் பாத்தவ, ஒரு நாளு வேணும்னே கெடுத்துப் பாத்திருக்கா. தாயில்பட்டிக்காரரு தட்டுல இருந்த பூச்சட்டி அச்சுல "அம்மாச்சி சமைச்ச கொளம்பு"ன்னு எழுதி வச்சுட்டு அடிச்சுப் பாத்திருக்கா. எம் பேரக் கெடுக்க வேற எடம் கெடைக்கல. நியாயமா கொளம்புன்னு வரணும்ல. வரல. அதே கொண்டைக்காரிதான் வந்தா. அப்பத்தான் பிடிபட்டிருக்கு. கம்ப்யூட்டரு அந்தத் தட்டுக்கே போகல. இவ இம்புட்டு நாளா திருத்துனது யாரும் தொடாத ஒண்ண.

"நீ எங்கெங்க போற, எங்க நிக்க, வரிசையாச் சொல்லு"ன்னு ப்ரோக்ராமையே சொல்ல வச்சிருக்கா. அது ஒரே ஒரு எடத்தச் சொல்லிருக்கு. சாமி. மொத எடத்துலயே கெடச்சிருச்சு, நின்னுருச்சு.

தொறந்து பாத்தா, அய்யனார் படத்துக்குப் பக்கத்துல வரிசையா அச்சு இருக்கு. பூச்சட்டி, சங்குசக்கரம், சாட்டை. மொதலாளிதான். பூசை முடிஞ்ச கொஞ்ச நாள்ல அவுக அப்பா மொதமொதல்ல அடிச்ச லேபிள்களப் படம் புடிச்சு, அதையும் அச்சாக்கி, சாமிகிட்ட இருக்கட்டும்னு பக்தியா அதுக்குள்ள போட்டு வச்சிருக்காரு. அந்தக் காலத்துல இருந்தது அந்த மூணு நாலு சரக்குதான. அதான் வாணவெடி எல்லாம் தப்பிச்சிருச்சு. யாருகிட்டயும் சொல்லல. சாமிக்கு வச்சத எதுக்கு ஊருக்குச் சொல்லணும்னு இருந்திருக்காரு. தப்புச் சொல்ல முடியுமா மதினி? நம்ம வீட்டுலயும் அப்படித்தான வைப்போம்.

வீட்டுக்கு வந்து எனக்கு வெளக்குனா. "அம்மாச்சி, அன்னைக்கு நான் கொளம்புக்கு மஞ்ச எடுத்தேன்ல. வழியில சாமி அலமாரி, மஞ்சன்னு ஒரு டப்பா, எடுத்தேன், அதுக்கு மேல தேடல. உள்ள நல்ல மஞ்ச இருந்துச்சு. அதேதான்."

"அப்ப கம்ப்யூட்டரு கொளம்பும் கசந்துருச்சு"ன்னேன்.

"ஊரு பூராக் கசந்துருச்சு"ன்னா.

இப்ப வழி லேசுதான. ஒண்ணு, சாமி போல்டர வரிசைல கடைசிக்குக் கொண்டுபோயிரணும். இல்லைன்னா உள்ள இருக்குற அச்சுகளுக்கு வேற பேரு வைக்கணும். இவ போயி மொதலாளிகிட்ட ரெண்டையும் சொல்லிருக்கா. அவரு பூச்சட்டி வெடிச்ச மாதிரி எந்திரிச்சுட்டாரு.

"எங்கப்பா வச்ச பேர நீ மாத்துவியா?"

"அப்ப பேரு இருக்கட்டும் அண்ணாச்சி. சாமியக் கடைசிக்கு மாத்திருவோம்."

"சாமியக் கடைசில தள்ளுறதா? நீ நல்லாருக்கியா?"

"தேடப் போறதுக்கு முன்னாடி கும்பிட்டுட்டுப் போகட்டும்னுதான சொன்னீக. கும்பிட்டுட்டுப் போனா பரவாயில்ல அண்ணாச்சி. அது அங்கனயே உக்காந்துருதே."

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டாராம். இவ விடல. "நம்ம அய்யனாரு எங்கன இருக்காரு? ஊருக்கு நடுவுலயா? கண்மாய்க்கரைல, எல்லைல. ஊரு பூராத் தாண்டி கடைசி ஆளா அவருதான நிக்காரு. அதைக் கொறச்சல்னு யாராச்சும் சொல்லுவாகளா? இங்கயும் கடைசில நிக்கட்டும். எங்கன தேடியும் கெடைக்காதது அவருகிட்டத்தான் வந்து சேரும்."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீயி"ன்னாராம். சொல்லிட்டு சாமி படத்தத் திரும்பிப் பாத்திருக்காரு. அப்புறம்தான், "இதை நீயும் முடிவு பண்ணக் கூடாது, நானும் முடிவு பண்ணக் கூடாது. வெள்ளிக்கெளம பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா சாமி சம்மதிச்சிட்டாரு, நீ மாத்திக்கோ. செவப்பு வந்தா சாமி அங்கனயே இருக்கட்டும், நான் அந்த வெளியூர்க்காரகளக் கூப்புட்டுக்கிறேன். அதுவரைக்கும் நீ வீட்டுல இரு. மிஷினு ஓடட்டும், தாளுக்குத் தாளு கண்ணுல பாத்து, தப்பா வந்தத எடுத்து வச்சிக்கிடுறோம்"னு சொல்லிட்டாரு.

முந்தாநாளு வந்தவதான். வந்ததும் அவ ஆத்தாகிட்ட சொல்லிட்டா, செவப்பு வந்தா நானும் ஒங்கூட வேன்ல வாரேன், சீசன்ல ஆளு கேக்காகல்லன்னு. எம் மக சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. அப்படியே கையக் கழுவிட்டா. இன்னைக்குக் காலைல வேன் ஏறும்போதும் இவ பக்கம் திரும்பல. இதான் மதினி நான் அப்புறம் சொல்றேன்னு சொன்னது. ஒருத்தி அந்தக் கம்பெனி கேட்டத் தாண்டி வெளிய வரணும்னு நாங்க நின்னா, இன்னொருத்தி உள்ள போறேங்கிறா. எனக்குக் கும்பிட்டுக் கும்பிட்டுக் கையும் ஓஞ்சுபோச்சு. அய்யனாரே, நீ முன்னால நில்லு, பின்னால நில்லு, எங்கயாச்சும் நில்லு, எம் புள்ளைகள வேன்ல மட்டும் ஏத்தாதன்னு சொல்லிட்டேன்.

இருங்க. போனு அடிக்குது. எடுத்துட்டா. பேசாதீக, கேப்போம்.

"சொல்லுங்க அண்ணாச்சி"ங்கிறா. சரிங்கிறா. இன்னொருக்கா சரிங்கிறா. இந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தையாச்சும் கூடப் பேசுனா என்னா? "அப்படியா அண்ணாச்சி. சாமி செயல்தான்"ங்கிறா. வச்சுட்டா. நான் ஒரு எட்டு உள்ள போயிட்டு வந்துருதேன், நீங்க உக்காருங்க.

வெள்ளப் பூ மதினி. வெள்ளப் பூதான். கோயில்ல நின்ன ஒரு சின்னப் பொண்ண எடுக்கச் சொல்லி, அது எடுத்துக் குடுத்துச்சாம். திங்கக்கெளம வரச் சொல்லிட்டாரு. சேர் ஒனக்குத்தான்னும் சொல்லிட்டாராம். என் கண்ணு தானா வடியுது, பாருங்க, இதுக்கு ஒண்ணும் அர்த்தம் இல்ல, புகை பட்டாலும் வடியும்.

இன்னும் கேளுங்க. பக்கத்துல வாங்க. மொதலாளி போன்ல என்ன சொன்னாராம் தெரியுமா? "பூக்கட்டிப் பாக்கேன்னு நெனச்ச ஒடனேயே சாமி மனசு எறங்கிட்டாரும்மா. நீ போனதுல இருந்து ஒரு தாளு தப்பா வரல. தாயில்பட்டி லேபிளும் சுத்தமாப் போயிருச்சு"ன்னாராம். நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். இவ கண்ண மூடிக்கிட்டே கெடந்தா, ஒதடு மட்டும் கோணுச்சு.

"அம்மாச்சி, நான் முந்தாநாளு கெளம்புறதுக்கு முன்னாடியே சாமியக் கடைசிக்கு மாத்திட்டுத்தான் வந்தேன். தாயில்பட்டிக்காரரு லோடு நிக்குமே, வெள்ளி வரைக்கும் எப்படிக் காக்க?"

"அடிப்பாவி, செவப்பு வந்திருந்தா?"

"திரும்ப முன்னால வச்சுட்டு, வேன்ல ஏறியிருப்பேன்."

சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. இப்ப தூங்குறது நெசத் தூக்கம், மூச்சு சத்தம் கேக்குது பாருங்க. இது உங்க வாயத் தாண்டி வெளிய போகக் கூடாது மதினி. கோடி வீட்டுக்காரிகிட்ட வெள்ளப் பூன்னு மட்டும் சொல்லுங்க, அம்புட்டும் போதும். எம் மகளுக்கு நான்தான் சொல்லணும். கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விட மாட்டாக, சாயந்தரம் வேன் வரட்டும், முக்குலயே போயி நின்னுக்கிறேன். அப்பளம் இருக்கான்னு வேற பாக்கணும்.

அது என்ன சத்தம், தண்ணிக் கொளாய் செருமுதா? தண்ணி வந்துருச்சு போல. எத்தனை நாளு கழிச்சு வருது, இப்ப விட்டா போச்சு. எந்திரிங்க எந்திரிங்க. அந்தக் குடத்த இங்கன தள்ளுங்க. ஓஸ் பைப்பு எங்க போச்சு? அடுக்களைல இல்ல, கொல்லைலயும் காலைலயே பாத்துட்டேன். அப்ப உங்க வீட்டுலதான் மதினி, போன தடவ வாங்கிட்டுப் போனீகல்ல, ஓடிப்போயி எடுத்துட்டு வாங்க, நான் அதுக்குள்ள தொட்டியக் கழுவுதேன்.